கண்காணாக் கையும் பகடையும்

பகடையாட்டம் நம் நாட்டுக்குப் புதியதன்று. மொகஞ்சதாரோவில் சுடுமண்ணாற் செய்த ஆறுமுகப் பகடைகள் கிடைத்துள்ளன. கீழடி அகழாய்விலும் தந்தத்தாலான பகடை வெளிப்பட்டது. இருக்கு வேதத்தின் பத்தாம் மண்டலத்தில் சூதாடி ஒருவனின் புலம்பலாகவே ஒரு பாடல் அமைந்துள்ளது. வள்ளுவப் பெருந்தகையார் பொருட்பாலில் ஓர் அதிகாரம் முழுவதையும் சூதுக்கென ஒதுக்கினார். இன்றைய பகடையில் எதிரெதிர் முகங்களைக் கூட்டினால் ஏழு வரும். மொகஞ்சதாரோப் பகடைகளிலோ ஒன்றுக்கு எதிரே இரண்டும், மூன்றுக்கு எதிரே நான்கும், ஐந்துக்கு எதிரே ஆறும் பொறிக்கப்பட்டிருத்தலை ஆய்வாளர் காட்டியுள்ளனர். புள்ளிகளின் வரிசை இவ்வாறு மாறியிருக்கலாம். ஆயினும் ஒன்று மட்டும் ஐயாயிரம் ஆண்டுகளாக மாறாதிருந்தது. பகடையை ஒருவர் கையிலெடுத்து உருட்டுவார்; சுற்றியிருப்போர் அக்கையைக் கண்ணாற் காண்பர்.

அந்தக் கைதான் நம் காலத்தில் மறைந்துபோயிற்று.

தில்லியிலிருந்து ஆக்ரா செல்வோர் பதேபூர் சிக்ரி அரண்மனை முற்றத்தில் கல்லிற் பதித்த பச்சீசிக் கட்டங்களைக் காணலாம். அக்பர் பேரரசர் ஆட்களையே காய்களாக நிறுத்தி அங்கு ஆடினார் என்று வழிகாட்டிகள் சொல்லுவர். அந்தப் பச்சீசியை ஆங்கிலேயர் தம் நாட்டுக்குக் கொண்டுபோய்ச் சோழிகளை நீக்கி, ஆறுமுகப் பகடை ஒன்றைச் சேர்த்து, லூடோ என்று பெயரிட்டு 1896இல் காப்புரிமையும் பெற்றனர். அது திரும்பவும் நம் நாட்டுக்கு வந்து, அட்டைப் பலகையாகக் கடைதோறும் விற்றது. பின்னர் 2016இல், நவி மும்பையிலிருந்து இயங்கும் நிறுவனம் ஒன்று லூடோ கிங் எனும் பெயரில் அதைக் கைப்பேசிக்குள் ஏற்றியது. 2020ஆம் ஆண்டு பெருந்தொற்றால் நாடு கதவடைத்துக் கிடந்தபோது, ஊர் ஊராகச் சிதறிக் கிடந்த குடும்பங்கள் இத்தகைய ஆட்டங்களின் வாயிலாகவே மாலைதோறும் ஒன்றுகூடின. மகன் தில்லியில், மகள் பெங்களூரில், பெற்றோர் ஊரில். பலகை ஒன்று, காய்கள் நான்கு நிறம். ஆனால் பகடையை உருட்டியவர் அந்நால்வருள் எவருமல்லர். திரையைத் தொட்டதும் பகடை சுழல்வது போன்ற ஓவியம் தோன்றுகிறது. எண்ணைத் தீர்மானிப்பது எங்கோ ஓர் அறையில் குளிரூட்டப்பட்டு நிற்கும் கணிப்பொறி. அதற்கு அவ்வாறு செய்யுமாறு கட்டளை எழுதி வைத்தவர், ஆடுவோர் ஒருபோதும் சந்தித்திராத ஒருவர்.

இந்நிலையைக் கருதும்போது நமக்கு வியாச பாரதத்தின் சபா பருவமே நினைவுக்கு வருகின்றது. பந்தயப் பொருளைத் தருபவன் துரியோதனன். பகடை உருட்டுபவன் சகுனி. ஒருவனுக்காக மற்றொருவன் ஆடுவது முறையன்று என்று தருமன் ஆங்கே மறுப்புச் சொல்லுகிறான். சொல்லிவிட்டு ஆடவும் அமருகிறான். அவன் அரசிழந்ததையும் தம்பியரை இழந்ததையும் நாம் கதைப்பொழிவுகளிற் பலகாற் கேட்டிருக்கிறோம். அந்த ஒற்றை மறுப்பைப் பற்றி எவரும் விரித்துரைக்கக் கேட்டதில்லை. இன்று கைப்பேசியில் பகடையாடும் ஒவ்வொருவரும் தருமனுடைய நிலையில்தான் இருக்கின்றனர். எல்லார்க்கும் பொதுவாக வேறொருவர் உருட்டுகின்றார். அவ்வாறு உருட்டும் பொறுப்பை ஏற்றவருக்குரிய அறம் யாது? இதுவே நாம் இங்கு ஆராயக் கருதிய வினா.

கணிப்பொறிக்குத் தற்செயல் என்பது தெரியாது. ஒரே கட்டளையைக் கொடுத்தால் ஒரே விடையையே அது தரும். ஆகவே ஒரு தொடக்க எண்ணை வித்தாகக் கொண்டு, பெருக்கியும் வகுத்தும், ஒழுங்கற்றது போலத் தோன்றும் எண் வரிசை ஒன்றை அது உண்டாக்குகின்றது. வித்து தெரிந்துவிட்டால் வரிசை முழுவதும் தெரிந்துவிடும். 1999இல் இணையவழிச் சீட்டாட்டம் ஒன்றில் இதுவே நிகழ்ந்தது. தம் சீட்டுக் கலைப்பு நேர்மையானது என்று காட்டுவதற்காக, அம்மென்பொருளை ஆக்கியோர் கலைக்கும் முறையைத் தாமே வெளியிட்டனர். அதைப் படித்த வல்லுநர் சிலர், நள்ளிரவிலிருந்து கழிந்த நேரத்தை ஆயிரத்திலொரு வினாடிக் கணக்கில் எடுத்து வித்தாக இடுகின்றனர் என்பதைக் கண்டுகொண்டனர். ஒரு நாளில் அத்தகைய நொடிக்கூறுகள் 8,64,00,000 மட்டுமே. 52 சீட்டுகள் அமையக்கூடிய வரிசைகளோ எண்ணில் அடங்கா. கையிலுள்ள சீட்டையும் மேசையில் விரித்த சீட்டையும் கொண்டு, எதிரியின் சீட்டைக் கணித்துச் சொல்ல அவர்களால் இயன்றது. மறைத்து வைத்திருந்தால் குறை வெளிப்பட்டிராது என்பாரும் உளர். மறைத்து வைத்திருந்தால் திருடன் மட்டுமே அதை அறிந்திருப்பான் என்பது நம் கருத்து.

அப்படியானால் கையால் உருட்டும் பகடைதான் நேரியதோ எனின், அதுவுமன்று. வெல்டன் எனும் ஆங்கில உயிரியலறிஞர் 12 பகடைகளை 26,306 முறை உருட்டி, விழுந்தவற்றை 1894இல் எழுதி வைத்தார். மொத்தம் 3,15,672 விழுக்கைகள். ஐந்தும் ஆறும் சேர்ந்து 1,05,224 முறை வந்திருக்க வேண்டும். வந்ததோ 1,06,602 முறை. புள்ளிகளைக் குழியாகக் குடைவதால் ஆறாம் முகம் இலேசாகி மேலே நிற்கின்றது என்று இதற்குக் காரணம் கருதுவர். இக்கணக்கை எடுத்துக்கொண்டுதான் கார்ல் பியர்சன் 1900இல் தம் புகழ்பெற்ற புள்ளியியற் சோதனையை விளக்கினார். செவ்வையாக எழுதப்பட்ட கணிப்பொறிப் பகடை, மரத்தாலும் எலும்பாலும் செய்த பகடையினும் நேர்மையானது என்றே இதனால் முடிவு செய்யலாம். எனினும் அதை நம்புவோர் சிலரே. இணையத்தில் பகடையாட்டங்களை நடத்திவந்த அமெரிக்கர் ஒருவர், கணிப்பொறி எண்கள் பொய்யென்று ஆடுவோர் ஓயாது குறை கூறக்கேட்டு, 2009இல் மெய்யான பகடைகளை நாள் முழுவதும் உருட்டி, ஒளிப்படக் கருவியால் படித்து எண்ணாக்கும் ஆளுயர இயந்திரம் ஒன்றையே கட்டி முடித்தார். நாளொன்றுக்கு 13 இலட்சத்துக்கும் மேற்பட்ட உருட்டல்களைத் தரவல்லது அது. மனிதரின் ஐயத்தைத் தீர்க்க ஒருவர் எடுத்துக்கொண்ட உழைப்பைக் கருதுங்கால் நகைப்பும் வருகின்றது, மதிப்பும் வருகின்றது.

இனி, நாம் அருகிருந்து கண்ட ஒன்றைச் சொல்லுவோம். நமக்குத் தெரிந்த இளைஞர் ஒருவர் நொய்டாவில் மென்பொருட் பணியில் இருக்கின்றார். பூர்வீகம் திருவையாற்றுப் பக்கம். அலுவல் முடிந்த மாலை வேளைகளில் அவர் தாயம் ஆட்டத்தைக் கைப்பேசிக்குரிய செயலியாக எழுதினார். லூடோவுக்கு எத்தனையோ செயலிகள் உள; நம் பாட்டிமார் திண்ணையில் கரிக்கோடு கிழித்து ஆடிய தாயத்துக்கு ஒன்று வேண்டாவா என்பதே அவர் ஆர்வம். காசுக்கு ஆடுவதன்று; விளம்பரமும் இல்லை. சில நூறு குடும்பங்கள் அதை ஏற்றுக்கொண்டு ஆடத் தொடங்கின.

தாயக்கட்டைகள் இரண்டு, ஒவ்வொன்றிலும் வெறுமை, ஒன்று, இரண்டு, மூன்று என நான்கு முகங்கள். இரண்டையும் சேர்த்து உருட்டினால் பதினாறு வகையாக விழலாம். இரண்டும் வெறுமையானால் பன்னிரண்டு என்பது வழக்கு. அது பதினாறில் ஒரு வகையே. ஆறும் அவ்வாறே. தாயம் விழுவதற்கு வழி இரண்டு; மூன்று விழுவதற்கு வழி நான்கு. இளைஞரோ முதற்பதிப்பில் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு, பன்னிரண்டு என்னும் ஏழு எண்களையும் ஏழு சீட்டாகக் கருதி, குலுக்கி ஒன்றை எடுக்குமாறு எழுதிவிட்டார். பதினாறில் ஒரு முறை வரவேண்டிய பன்னிரண்டு ஏழில் ஒரு முறை வந்தது. பட்டம் பெற்ற பொறியாளர் பலர் ஆடியும் இதை எவரும் கவனிக்கவில்லை. கண்டுபிடித்தவர் எண்பதைக் கடந்த அவருடைய பாட்டியார். "ஏண்டா தம்பி, கட்டையை உருட்டுகிறாயா, கையால் எடுத்து வைக்கிறாயா? பன்னிரண்டு இப்படி விழுந்து நான் பார்த்ததேயில்லையே" என்றாராம். நளனுக்குச் சூதின் நுட்பத்தைக் கற்பித்த இருதுபன்னன், தான்றி மரம் ஒன்றை நோக்கியே அதன் இலையையும் காயையும் கணக்கிட்டுச் சொன்னான் என்பது கதை. கையும் கண்ணும் அறுபது ஆண்டு பழகிய அந்த மூதாட்டியும் அவ்வினத்தைச் சேர்ந்தவர் போலும்!

இளைஞர் அன்றிரவே நிரலைத் திருத்திப் புதிய பதிப்பை வெளியிட்டார். வந்தது பாராட்டன்று; வசை. "முன்பெல்லாம் பன்னிரண்டு நன்றாக விழுந்ததே, இப்போது ஏதோ சூழ்ச்சி செய்துவிட்டீர்" என்று எழுதினர். "தாயமே விழுவதில்லை, காய் இறக்கவே முடியவில்லை" என்றனர். கோணலான பகடைக்குப் பழகியவர்களுக்கு நேரான பகடை கோணலாயிற்று. தாயத்தைப் பற்றிய குறையில் ஓரளவு உண்மையும் உண்டு. எட்டில் ஒரு வாய்ப்பே உள்ள தாயம், இருபது முறை உருட்டியும் ஒருவருக்கு விழாதிருத்தல் நூற்றுக்கு ஏழு பேருக்கு நேரும். நால்வர் ஆடும் ஆட்டத்தில், ஏறத்தாழ நான்கு ஆட்டங்களுக்கு ஒன்றில் எவரேனும் ஒருவர் அவ்வாறு வெறுங்கையோடு காத்திருப்பார். இது கணக்கின் குற்றமன்று. திண்ணையில் ஆடியபோதும் இதுவே நடந்தது. ஆனால் அங்கே பழிக்க ஆளில்லை. கட்டையைத் தரையில் தட்டி, வாயால் ஊதி, மறுபடியும் உருட்டினோம். இங்கே பழிக்க ஒருவர் அகப்பட்டுவிட்டார்.

அப்போது அவருடைய நண்பர்கள் ஒரு வழி சொன்னார்கள். பத்து முறை தாயம் விழாதவருக்குப் பதினோராம் முறை கணிப்பொறியே ஒரு தாயத்தைப் போட்டுவிடட்டும். எவருக்கும் சொல்ல வேண்டா. புதிதாக வருபவருக்கு முதல் இரண்டு ஆட்டங்களில் சற்றுச் சாதகமாகவே விழட்டும். மகிழ்ந்து மீண்டும் வருவார். இது பெரிய நிறுவனங்களும் கைக்கொள்ளும் வழிதான். ஆப்பிள் நிறுவனத்தின் இசைக் கருவி பாடல்களைக் கலைத்துப் போடும்போது ஒரே பாடகர் அடுத்தடுத்து வருகின்றார் என்று மக்கள் குறைப்பட, 2005இல் அந்நிறுவனம் அக்கலைப்பின் தற்செயல் தன்மையைக் குறைக்க வழி செய்தது. அப்போதுதான் மக்களுக்கு அது தற்செயலாகத் தோன்றிற்று. சிட் மையர் எனும் புகழ்பெற்ற ஆட்ட ஆசிரியர், மூன்றுக்கு ஒன்று என்ற வலிமையிருந்தும் தோற்கும்போது ஆடுவோர் பொறுப்பதில்லை என்பதைக் கண்டு தம் ஆட்டத்தின் கணக்கை அவர்கள் மனத்துக்கேற்ப வளைத்ததை 2010இல் ஒரு மாநாட்டில் வெளிப்படையாகவே எடுத்துரைத்தார். "இவ்வாறு செய்வது பொய்யா, அன்பா? நீங்கள் சொல்லுங்கள், ஐயா" என்று இளைஞர் நம்மைக் கேட்டார்.

அன்பு என்று சொல்லுவதற்கு வலுவான காரணங்கள் இருக்கவே செய்கின்றன. பேரனோடு ஆடும் தாத்தா, வெட்டக்கூடிய காயை வெட்டாமல் விடுகின்றார். அதை நாம் வஞ்சகம் என்பதில்லை. இசைக் கருவி தரும் பாடல் எதுவாயினும் இழப்பவர் யாருமில்லை. தனியே கணிப்பொறியோடு போர் ஆட்டம் ஆடுபவர்க்குச் சிறிது விட்டுக்கொடுத்தால் கணிப்பொறி வருந்தப்போவதில்லை. நால்வர் ஆடும் தாயமோ அத்தகையதன்று. ஒருவருக்கு மறைவாகக் கொடுத்த தாயம் மற்ற மூவரிடமிருந்து எடுத்ததாகும். தாத்தா தம் வெற்றியைத் தாமே விட்டுக்கொடுத்தார். இங்கே ஆட்டத்தை ஆக்கியவர் பிறருடைய வெற்றியை எடுத்துத் தானம் வழங்குகின்றார். தானம் பெற்றவருக்கும் அது தானம் என்று தெரியாது, பறிகொடுத்தவருக்கும் தாம் பறிகொடுத்தது தெரியாது. தாம் திறமையாலும் நல்லூழாலும் வென்றதாக எண்ணி ஒருவர் ஊரிலிருக்கும் தம்பிக்குத் தொலைபேசியில் பெருமை பேசுவார். அந்தப் பெருமை முழுவதும் பொய்யாகும்.

ஆகவே நாம் இளைஞரிடம் கூறியது இதுதான். பத்து முறை தாயம் விழாதவர் பதினோராம் முறை காயை இறக்கிக்கொள்ளலாம் என்பதை விதியாகவே அறிவித்துவிடுங்கள். நால்வருக்கும் அது பொது; நால்வரும் அறிந்து ஆடுவர். விரும்பாதோர் பழைய விதிப்படியே ஆடவும் இடம் வையுங்கள். அறிவிக்க முடியாத இரக்கம் ஒன்று உளதாயின் அதைச் செய்யாதொழிக. இளைஞர் உடனே இசைந்தாரல்லர். "அறிவித்துவிட்டால் சுவை குறைந்துவிடுமே, பத்தாம் முறை வரை எண்ணிக்கொண்டல்லவா உட்கார்ந்திருப்பார்கள்!" என்றார். குறையத்தான் செய்யும். அந்தச் சுவைக் குறைவைத் தாங்கிக்கொள்ளத்தான் வேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை.

இவ்வளவு கடுமை ஒரு விளையாட்டுக்கு வேண்டுமா என்று அன்பர்கள் வினவலாம். காசில்லாத ஆட்டத்தில் இரக்கத்துக்காக எழுதப்படும் அந்த நாலு வரி நிரல், காசு வைத்து ஆடும் ஆட்டத்தில் எழுதப்படும் நாலு வரியிலிருந்து சற்றும் வேறுபட்டதன்று. புதியவருக்கு முதலில் வெற்றியைக் காட்டிப் பின்னர் இழுத்துக்கொள்வதற்கும், எழுந்து போகவிருப்பவரை ஒரு சிறு வெற்றி கொடுத்து மீண்டும் அமர்த்துவதற்கும் அதுவே கருவி. சூதாடுவோன் பெறும் ஒரு வெற்றி தூண்டிலிற் கோத்த இரையை ஒக்கும் என்னும் அறிவு நம் முன்னோர்க்குப் புதியதன்று. தூண்டிலை இத்துணை நுண்ணிதாக அளந்து போடும் கருவி மட்டுமே புதியது. நம் நாட்டில் 1867ஆம் ஆண்டின் பொதுச் சூதாட்டச் சட்டம் தொடங்கி, திறமையாட்டம், வாய்ப்பாட்டம் என்ற பகுப்பே வழக்குகளுக்கு அடிப்படையாக இருந்துவந்தது. ரம்மி பெரும்பாலும் திறமையாட்டமே என்று உச்ச நீதிமன்றம் 1968இல் கூறிற்று. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் அப்பகுப்பையே ஒதுக்கிவைத்து, பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டம் திறமையாயினும் வாய்ப்பாயினும் கூடாது என்று விதித்தது; பணமில்லாப் பொழுதுபோக்கு ஆட்டங்களை அது தடுக்கவில்லை. சட்டம் காசை நோக்குகின்றது, அது முறையே. பகடையை வளைக்கும் கையைச் சட்டத்தின் கண் எட்டிப் பார்ப்பது அரிது. அது எழுதுபவரின் மனச்சான்றுக்கே விடப்பட்டிருக்கின்றது.

கோப்புகளோடு இருபது ஆண்டுக்கு மேற் பழகிய நமக்கு, அவருடைய தொழிலில் மற்றொன்றும் பழக்கமானதாகவே தோன்றிற்று. அதுதான் புதுப்பிப்பு. அவர் மாதந்தோறும் விதியிலோ வேகத்திலோ வண்ணத்திலோ ஏதேனும் திருத்தம் செய்து வெளியிடுகின்றார். ஒருமுறை, மலையில் நிற்கும் காயை வெட்டலாகாது என்னும் விதியில் இருந்த ஓர் ஓட்டையை அடைத்தார். அவர் அடைத்த அந்நேரத்தில் எங்கோ நாற்பது ஆட்டங்கள் பாதியில் நடந்துகொண்டிருந்தன. வெட்டலாம் என்று கணக்கிட்டுக் காயை நகர்த்தி வைத்திருந்தவர் அடுத்த முறையில் வெட்ட இயலாமற் போனார். அலுவலகத்தில் ஓர் ஆணை எந்நாள் முதல் செல்லும் என்பதற்கு நாம் எத்துணை முக்கியத்துவம் தருகின்றோம்! செய்தபோது குற்றமல்லாத செயலுக்குப் பின்வந்த சட்டத்தால் தண்டிக்கலாகாது என்று நம் அரசியலமைப்பின் 20ஆம் கூறு சொல்லுகின்றது. ஆட்டம் எந்தப் பதிப்பில் தொடங்கிற்றோ அந்தப் பதிப்பிலேயே முடியட்டும் என்று நாம் சொன்னபோது, அது நிரலில் மிகக் கடினம், பழைய விதியையும் புதிய விதியையும் ஒருசேரச் சுமக்க வேண்டும் என்று அலுத்துக்கொண்டார். சுமந்தார். மூன்று வாரம் ஆயிற்று.

முத்திரையிட்ட ஒப்பந்தப்புள்ளிகளைப் பலர் முன்னிலையில் பிரிக்கும் வழக்கத்தை அவரிடம் சொன்னோம். அவர் சிரித்து, தம் துறையிலும் அஃது உண்டென்றார். ஒருவரையொருவர் நம்பாத இருவர் தொலைபேசியிலேயே காசு சுண்டிப் பார்ப்பது எங்ஙனம் என்று மானுவேல் புளூம் எனும் அறிஞர் 1981இல் காட்டிய வழியாம் அது. ஆட்டம் தொடங்குமுன் கணிப்பொறி தன் வித்தைத் தேர்ந்து, அதற்கு ஒரு முத்திரை எண்ணை நால்வருக்கும் கொடுத்துவிடும். முத்திரையிலிருந்து வித்தை அறிய இயலாது. வித்தை மாற்றினால் முத்திரை பொருந்தாது. அதன்பின் நால்வரும் தத்தமக்குத் தோன்றிய ஓர் எண்ணைச் சேர்ப்பர். ஐந்தும் கலந்தே கட்டை உருளும். ஆட்டம் முடிந்ததும் உறை பிரிக்கப்படும், வேண்டுவோர் சரிபார்த்துக்கொள்ளலாம். இப்போதைய பதிப்பில் இவ்வசதி இருக்கின்றது. சரிபார்ப்போர் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லையாம். ஆயினும் வசை குறைந்திருக்கின்றது என்கிறார்.

தீராதது ஒன்று எஞ்சியுள்ளது. ஆட்டத்தின் நடுவே ஒருவருடைய இணைப்பு அறுந்துவிடுகின்றது. இரயில் குகைக்குள் நுழைந்திருக்கலாம். ஊரில் மின்சாரம் போயிருக்கலாம். பழுக்கவிருந்த காய் வெட்டுப்பட்டதென்று சினந்து கைப்பேசியை அணைத்தும் இருக்கலாம். கணிப்பொறிக்கு மூன்றும் ஒன்றே. காத்திருந்தால் எஞ்சிய மூவருக்கும் தண்டனை. தோற்றவர் என்று தள்ளினால் இரயிலில் சென்றவருக்குத் தண்டனை. அவர் இடத்தில் கணிப்பொறியே ஆடினால், எதிரே ஆடுவது மனிதரா இயந்திரமா என்பது மற்றவர்க்குத் தெரிய வேண்டும். சில செயலிகளில் அத்தகைய இயந்திரத்துக்கு மனிதப் பெயரும் முகமும் சூட்டி அமர்த்துகின்றனர் என்று கேள்வி. நம் இளைஞர் அதைச் செய்யவில்லை. மூன்று நிமிடம் காத்திருந்து, பின்னர் அக்காய்களுக்கு அருகே ஒரு சிறு கட்டைப் படத்தை இட்டு, கணிப்பொறி ஆடுகின்றது என்று எழுதிக் காட்டுகின்றார். மூன்று நிமிடம் மிகுதி என்கிறார்கள் நகரத்தார். திருவையாற்றுப் பாட்டியாரோ, கண்ணாடியைத் தேடி எடுத்து அணிவதற்கே தமக்கு ஐந்து நிமிடம் ஆகின்றது என்கிறார். அடுத்த பதிப்பில் எத்தனை நிமிடம் வைப்பது என்று அவர் இன்னும் முடிவு செய்யவில்லை. நாமும் சொல்ல அறியோம்.